பிரேமிளாவின் ஞாயிற்றுக்கிழமை

ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே என் மகள் ஜெஸ்மின், பிரேமிளாவுக்கு லீவு தர முடியாது என்றாள்.

போனில் அவள் முகம் தெரிந்தது. பின்னால் மரம், உட்காரும் வாங்கு, புல்லில் படுத்துக் கிடக்கும் வெள்ளைக்காரர்கள். மிலான் நகரத்துப் பார்க்.

அங்கே ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. இங்கே அம்பிட்டியவில் என்னைப் பார்த்துக்கொள்ள அவள் வைத்த ஆள்தான் பிரேமிளா.

என் கை நடுங்கும். அதனால் போனைப் பிடிப்பதும் பிரேமிளாதான். தனக்கு லீவு இல்லை என்ற செய்தியைத் தானே என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்குச் சீனி வியாதி. ஐஸ்கிரீமை நான் பார்க்கக்கூடாது என்று போனைக் கொஞ்சம் சரித்தும் பிடித்தாள். அப்படிப்பட்ட வேலைக்காரி.

அடுத்த ஞாயிறு அவள் ஊர் ஹேவாஹெட்ட கோயிலில் அவள் மகளுக்கு முதல் நன்மை, பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பிள்ளையைப் பார்த்து நாலு மாதம் ஆகிறது. கேட்க வாய் வராமல் மூன்று நாளாகக் கறிக்கு உப்புப் போட மறந்தாள். கடைசியில் கேட்டது நான்தான்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. நாற்பது வருஷம் தேயிலை லொறி ஓட்டினேன். காகிதத்தை நம்பமாட்டேன், காகிதம் வாசிக்கிறவனையும் நம்பமாட்டேன். ஆனால் ஒருத்தர் வாயால் சொன்னதை மறக்கமாட்டேன்.

"நீ ஏன் இப்ப பார்க்ல இருக்க?" என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தனக்கு லீவு என்றாள்.

யார் தந்தது என்றேன்.

சட்டம் என்றாள். அந்தச் சொல் வந்தால் அவள் குரலே மாறிவிடும். வாராவாரம் கேட்டு எனக்கே மனப்பாடம். ஞாயிறு முழு நாளும் லீவு, நடுவாரத்தில் அரை நாள். காய்ச்சல் வந்தால் படுக்கலாம். வருஷத்துக்குப் பதின்மூன்று மாதச் சம்பளம். அந்தப் பதின்மூன்றாம் மாதம் எது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அதே சட்டத்தைப் பிரேமிளாவுக்கும் போடு என்றேன்.

"இது இத்தாலிப்பா. நம்ம ஊர்ல வீட்டு வேலைக்கு அப்படி ஒன்னும் கெடையாது."

இத்தாலி வேண்டாம், குவைத்துக்கு வா என்றேன். என்னோடு லொறி ஓட்டிய திகன ஊர்க்கார ஃபாஸில் வியாழக்கிழமைதான் என்னைப் பார்க்க வந்திருந்தான். அவன் மகள் மஸாஹிரா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அங்கேயும் வாரத்துக்கு ஒரு நாள் லீவு, காகிதத்திலாவது இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். குவைத்தில் இருக்கிறது, இத்தாலியில் இருக்கிறது, அம்பிட்டியவில் ஒரு கிழவன் வீட்டில் மட்டும் இல்லையா?

ஐஸ்கிரீம் உருகி ஜெஸ்மினின் விரலில் வழிந்தது.

காலை எட்டு மணிக்குப் போய் இரண்டு மணிக்கு வரட்டும் என்றாள். ஹேவாஹெட்ட பஸ் என்ன உன் அப்பன் லொறியா, நினைத்த நேரத்துக்கு வர, என்றேன். அந்த ஒரு ஞாயிறு மட்டும் என்றாள். எல்லா ஞாயிறும் என்றேன்.

"அப்ப ஒங்கள யாருப்பா பாத்துக்குவா?"

"என்னைய நானே பாத்துக்குவேன். சட்டம்னா சட்டம்."

போன் ஆடியது. பிரேமிளா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஜெஸ்மின் விரலைத் துடைத்தாள். பிறகு சரி, எல்லா ஞாயிறும், அதற்கு ஏற்பாடு செய்கிறேன் என்றாள். நான் விடவில்லை. போனை இருதய ஆண்டவர் படத்துக்கு நேரே திருப்பச் சொல்லிச் சத்தியம் வாங்கினேன்.

அந்த ஞாயிறு வந்தது. பிரேமிளா விடிவதற்கு முன்பே எழும்பி, மூன்று வேளை மருந்தையும் மூன்று கோப்பையில் வைத்தாள். நீலச் சேலை கட்டியிருந்தாள். என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, "எனக்காக இதுவரைக்கும் யாரும் வாய் தொறந்ததில்ல ஐயா" என்றாள்.

எனக்குக் கூச்சமாகிவிட்டது. பஸ் போய்விடும், போ போ என்று விரட்டினேன்.

பஸ் வளைவில் திரும்பி ஏறுகிற சத்தம் கேட்டது. அது முழுதாக அடங்கும்வரை பொறுத்திருந்தேன்.

பிறகு கட்டிலுக்கு அடியில் ஊன்றுகோலை விட்டு என் பழைய சப்பாத்து இரண்டையும் வெளியே இழுத்தேன். கால் வீங்கிய நாளிலிருந்து மூன்று வருஷமாக நான் போடாதவை.

ஃபாஸில் வெறுங்கையோடு வந்திருக்கவில்லை. அவன் மச்சான் கடைத் தொதல், தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டிய இனிப்பு, அரைக் கிலோ. பிரேமிளா பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது கை மாறியது. பத்து நாளாக இடது சப்பாத்துக்குள் எனக்காகக் காத்துக் கிடக்கிறது.

லீவு கேட்டது நியாயத்துக்காகத்தான். நியாயமும் இருந்தது, தொதலும் இருந்தது.

கேட் திறந்தது.

டொரதி டீச்சர். ஜெஸ்மினின் ஞானத்தாய். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தை ஆட்டி வைத்தவர். ஒரு கையில் குடை, ஒரு கையில் பூசைப் புத்தகம்.

இத்தாலியில் ஒருத்தி லீவில் போனால் பதிலுக்கு வேறு ஆளை வைத்துவிட்டுத்தான் அனுப்புவார்களாம். அதுதான் நல்ல முதலாளியின் கடமையாம். ஜெஸ்மின் அவரிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. இனி எல்லா ஞாயிறும் டீச்சர்தான். சத்தியத்தை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன்.

டீச்சர் என் கையில் இருந்ததைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பூசைக்கு வெளிக்கிடத்தான் சப்பாத்த எடுத்தீங்களா? காலக் காட்டுங்க, நானே மாட்டி விடுறேன்."

எங்கள் பக்கத்தில் சப்பாத்தைத் தட்டிப் பார்க்காமல் யாரும் கால் விடமாட்டார்கள். உள்ளே பூரான் கிடக்கும்.

டீச்சர் வலதைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினார். இடதுக்குக் கையை நீட்டினார்.

மிலானில் அந்தக் கிழவிக்கு வாரத்தில் எத்தனை நாள் லீவு என்று ஜெஸ்மினிடம் கேட்க வேண்டும்.