குட்டையின் மைக்

"பாருங்க சார், குட்டை மறுபடியும் நெட்டையோட பாட்டு வரியில புகுந்துட்டான்!"

லைட் போடும் பெண் சொன்னதும் சவுண்ட் இன்ஜினீயருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய மேஜை அரங்கின் பின்கோடியில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் மேடையில் நடக்கும் அநியாயம் எல்லாம் நன்றாகவே தெரியும்.

நெட்டையும் குட்டையும் பதினாலு வயசில் ராப் பாடி ஊரையே ஆட்டிவைத்த பையன்கள். ஒரு காலில் சிவப்பு ஷூ, மறுகாலில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வருவார்கள். அதைப் பார்த்துவிட்டு ஊர்ப் பையன்களெல்லாம் ஜோடி மாறின ஷூவோடு பள்ளிக்கூடம் போய் வாத்தியாரிடம் உதை வாங்கினார்கள். இந்த இன்ஜினீயரும் வாங்கினவர்தான். ரெண்டு பாட்டு ஓஹோவென்று ஓடியது. அப்புறம் இருவருக்கும் குரல் உடைந்தது. அத்தோடு ஆளையே காணோம்.

இப்போது நாற்பதைத் தாண்டி மறுபடி மேடை. எதிரே தொப்பையும் வழுக்கையுமாக அதே ரசிகர்கள், காலில் சிவப்பும் வெள்ளையும். பார்க்கவே பாவமாக இருந்தது.

மத்தியானமே குட்டையை இன்ஜினீயருக்குப் பிடிக்காமல் போயிற்று. ஒத்திகைக்குக் கூப்பிட்டால், "எங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்?" என்று தட்டிக்கழித்தான். ஆசையாக நெட்டையிடம் போய், "உங்க பாட்டுன்னா உசுரு சார் எனக்கு. எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதற்கும் குட்டைதான் பதில் சொன்னான்.

"நல்லா இருக்கான். நீங்க கிளம்புங்க, அவன் ரெஸ்ட் எடுக்கணும்."

நெட்டை சிரித்ததோடு சரி.

மேடையில் அதைவிட மோசம். நெட்டை ஒரு வரியைத் தொடங்குவான். பாதியிலேயே குட்டை ஓடிவந்து மீதியைப் பிடுங்கிக்கொள்வான். ஒன்றிரண்டு வரி என்றால் போகட்டும் என்று விடலாம். எல்லா வரியிலுமா?

"டேய் குட்டை, அவனைப் பாட விடுடா!" கூட்டத்திலிருந்து சத்தம் வந்தது. விசில் போய் ஊளை கிளம்பியது. குட்டை கண்டுகொள்ளவே இல்லை.

"என்ன ஜென்மமோ! கூடப் பாடுறவனுக்கு ஒரு கைத்தட்டல் கிடைச்சா வயிறு எரியுது போல," என்றாள் லைட் போடும் பெண்.

கடைசிப் பாட்டு. நெட்டை தனியாகப் பாடும் பகுதி இதில்தான் வரும். மூச்சு விடாமல் பொரிந்து தள்ளுவான். அந்தக் காலத்தில் இன்ஜினீயர் அதைக் குளியலறையில் கத்திக் கத்தி அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறார். இதையுமா அந்தப் பாவி கெடுக்கணும்?

"இரும்மா, இவனுக்கு ஒரு வழி பண்றேன்."

நெட்டை மைக்கை உதட்டருகே கொண்டுபோனான். இன்ஜினீயர் குட்டையின் மைக்கை அணைத்தார்.

நெட்டை தொடங்கினான். நாலைந்து வார்த்தை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

வாய் திறந்து திறந்து மூடியது. கழுத்து நரம்பு புடைத்தது. "ப... ப..." என்பது மட்டும் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. பக்கத்தில் நின்று குட்டை தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தான். அது யாருக்கும் கேட்கவில்லை.

யாரோ ஒருத்தன் சிரித்தான். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. நெட்டையின் கண் நிறைந்துவிட்டது. குட்டை அவன் தோளை அணைத்து உள்ளே அழைத்துப் போனான்.

அரங்கு காலியான பிறகு குட்டை மேஜைக்கு வந்தான்.

"என் மைக் என்னங்க ஆச்சு?"

"நான்தான் அணைச்சேன். அவரைப் பாடவே விடாம நீங்க..." இன்ஜினீயரால் முடிக்க முடியவில்லை.

குட்டை கோபப்படவில்லை. தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஸ்ட்ரோக் வந்து அவனுக்குப் பேச்சு போச்சுங்க. ஆரம்பிக்க வரும், முடிக்க வராது. வெளிய யாருக்கும் தெரியக் கூடாதுன்னு வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தான்."

இன்ஜினீயர் தலை குனிந்தார்.

"நீ ஆரம்பிடா, முடிக்க நான் இருக்கேன், ஊரு திட்டினாலும் என்னைத்தானே திட்டும்னு சொல்லித்தாங்க அவனை வெளிய கூட்டிட்டு வந்தேன்."