தேன் நிறக் கிட்டார்

"சத்தம் எப்படி இருந்தாலும் பரவாயில்ல சார். பார்க்க அச்சு அசலா எங்க வீட்ல இருந்தது மாதிரியே இருக்கணும்!"

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். எலெக்ட்ரிக் கிட்டார் விற்கிற கடைக்கு வந்து சத்தம் முக்கியமில்லை என்று சொன்னால் அந்த மனுஷனும்தான் என்ன செய்வார்?

"மேடம், கிட்டார்ல முதல்ல பார்க்க வேண்டியது பிக்கப். கம்பியோட அதிர்வை ஸ்பீக்கருக்கு அனுப்புறதே அதுதான். அப்புறம் கட்டையோட எடை. அப்புறம் கழுத்து. ஒரு தடவை இந்தக் கழுத்தைப் பிடிச்சுப் பாருங்க..."

"சாயங்காலம் ஒருத்தர் வந்து என் கழுத்தைப் பிடிக்கப் போறாரு! பாடம் கேட்க எனக்கு நேரமில்ல சார்."

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இது மூன்றாவது கடை. முதல் கடையில் ரத்தச் சிவப்பு ஒன்றைத் தூக்கி வந்து, இப்போ இதுதான் ஃபேஷன் என்றார்கள். அடுத்த கடையில் ஆர்டர் கொடுத்தால் ஒரு மாதத்தில் வந்துவிடும் என்றார்கள். ஒரு மாதமாம்! வீட்டுக்காரர் ஆபீஸ் விட்டு இன்று சாயங்காலம் வந்து நிற்பார்.

எல்லாம் அந்த இஸ்திரிப் பலகையால் வந்த வினை. சோபாவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்ததை ஒரு இழு இழுத்தாள், அவ்வளவுதான். ஸ்டாண்டில் நின்ற கிட்டார் குப்புற விழுந்து, தலை தனியாகத் தொங்கியது.

வேறு எது உடைந்திருந்தாலும் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். இது கல்யாணத்துக்கு அவளே ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்தது. யார் வந்தாலும் அவர் அதைக் காட்டாமல் அனுப்ப மாட்டார். "என் சம்சாரம் கொடுத்தது. இத்தனை வருஷத்துல ஒரு கீறல் விழ விட்டிருப்பேனா?" என்று ஆரம்பித்தால், வந்தவர்களுக்குக் காபி ஆறிப்போகும். மகள் ஒரு நாள் அதில் விரல் வைத்ததற்கு அவர் போட்ட கூப்பாட்டில், பாவம், குழந்தை தேம்பித் தேம்பி அழுதது.

திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். உடைந்ததை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்துவிடுவாரே, அதை எப்படித் தாங்குவது?

செல்போன் அடித்தது. அவரேதான்.

"இந்தா, சாயங்காலம் ஆபீஸ்ல ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றேன். ஆளு கிட்டார்னா உயிரை விடுவாரு. நீ கொடுத்ததைக் காட்டியே ஆகணும்."

"சரிங்க... தூசி தட்டி வைக்கட்டுமா?"

"ஐயோ, நீ கிட்டயே போகாதே! நான் வந்து பார்த்துக்கறேன்."

போனை வைத்தவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கடைக்காரருக்கே மனசு கேட்கவில்லை.

"சரி, போட்டோ இருந்தா காட்டுங்க."

இரண்டு படம் காட்டினாள். ஒன்று, தலை ஒடிந்த கிட்டார் தரையில் கிடந்த அலங்கோலம். இன்னொன்று, கல்யாணமான புதிதில் எடுத்தது. மாப்பிள்ளை முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு கிட்டாரை மார்போடு அணைத்திருந்தார்.

"இந்த மாடலுக்குத் தலைதான் பலவீனம். விழுந்தா அங்கதான் ஒடியும்," என்றார் கடைக்காரர். "ஆமா, இந்த ரெண்டுல எது மாதிரி வேணும்?"

"என்ன சார் கேள்வி இது? ரெண்டும் ஒண்ணுதான்!"

"கல்யாணப் படத்துல கழுத்து மேல வெள்ளைக் கட்டம் கட்டமா இருக்கு. உடைஞ்சதுல வட்டப் புள்ளியா இருக்கே."

"அது பழைய போட்டோ, மங்கலாத் தெரியுது. கட்டமோ வட்டமோ, நடுவுல தேன் கலர், ஓரத்துல கருப்பு. இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க!" சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கடைக்காரர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளையின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"நான் படுற பாடு உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?" என்று வெடித்தாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. புள்ளி வச்ச அந்தக் கிட்டாரை இவருக்கு வித்ததே நான்தான். போன வருஷம், உங்களை மாதிரியே வேர்த்து விறுவிறுத்து வந்து நின்னாரு."

"அவரா? அவர் எதுக்கு இன்னொண்ணு வாங்கணும்?"

"நீங்க கொடுத்ததை அவரு அப்பவே ஒடிச்சுட்டாரும்மா!"