காலி விடாத கட்டங்கள்

“அந்தப் புதன்கிழமையையும் வித்துட்டீங்களா சார்?”

டிரம்ஸ்காரன் சுவரில் தொங்கிய வரைபடத்தின் முன்னால் நின்று கேட்டான். மேலாளர் ஒரு குண்டூசியை எடுத்து ஏதோ ஒரு சின்ன ஊரின் தலையில் குத்தினார். பிறகு காலண்டரில் புதன்கிழமைக் கட்டத்தை நிரப்பினார். அவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

எந்த ஊர், எந்த அரங்கம், எந்த நாள் என்று இசைக்குழுவின் பயணத்தை அமைப்பது அவர்தான். பாடகி அவருடைய ஒரே மகள். அதனால் குழுவில் யாரும் அவரிடம் வாயைத் திறப்பதில்லை, டிரம்ஸ்காரனைத் தவிர. அவனுக்கு வாயும் ஒரு டிரம்ஸ்.

“கச்சேரி முடிஞ்சு சாமான் ஏத்தினா, விடியறதுக்குள்ள வண்டி போய்ச் சேர்ற தூரத்துல அடுத்த ஊர் இருக்கணும்னு சொல்லிக் கொடுத்ததே நீங்கதான். இப்ப பாருங்க. இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் நட்டநடுவுல நம்ம சொந்த ஊர். பெரிய அரங்கம். வாங்க வாங்கன்னு அவங்களே கூப்பிடறாங்க. நீங்க என்னடான்னா தலையைச் சுத்தி மூக்கைத் தொடறீங்க.”

“அங்க கூட்டம் வராது.”

“நம்ம ஊர்லயா? எங்க தெரு மட்டும் வந்தாலே பாதி அரங்கம் ரொம்பிடும் சார்.”

மேலாளர் அடுத்த குண்டூசியைத் தேடினார்.

“சரி, எங்களை விடுங்க. பொண்ணோட தொண்டையப் பாருங்க. ஓய்வு கொடுக்கலன்னா குரல் திரும்பி வராதுன்னு டாக்டர் சொன்னப்ப நானும்தான் கூட இருந்தேன். அதுக்கப்புறமும் ஒரு நாள் காலி விடல நீங்க. பெத்த அப்பா செய்யற வேலையா இது?”

அவன் கதவைச் சாத்திய வேகத்தில் வரைபடம் ஆடியது.

மகளைப் பிழிந்து எடுக்கிறார் என்று குழுவே பேசிக்கொள்வது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. விழுந்தது விழுந்தபடி கிடந்தது. மனைவி இறந்துபோனதிலிருந்து எதுவுமே அவருக்கு உறைப்பதில்லை. பசிகூட யாராவது சொன்னால்தான் தெரிகிறது.

அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். அம்மாவை வழியனுப்பிவிட்டு வீடு திரும்பிய அன்று, மகள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. மறுநாள் அவர் சும்மா கேட்டு வைத்தார், “ஒரு சுத்து ஊர் ஊரா கச்சேரிக்குப் போயிட்டு வரலாமாம்மா?” கேட்டு வாய் மூடுவதற்குள் “சரிப்பா” என்றாள்.

பிள்ளையால் அந்த வீட்டைத் தாங்க முடியவில்லை என்று அவர் அப்போதே முடிவு கட்டிவிட்டார். ஒரு நாள் காலி விட்டாலும் வீட்டுக்குத்தான் போக வேண்டும். சொந்த ஊரில் கச்சேரி வைத்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே காலண்டரில் ஒரு கட்டத்தைக்கூட அவர் வெறுமனே விடவில்லை.

அவர் தேதிகளைக் காட்டினால் மகள் காலண்டரைப் பார்க்க மாட்டாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு “சரிப்பா” என்பாள். போன மாதம் கூரை ஒழுகி ஒரு கச்சேரி ரத்தானபோது, ஓட்டல் ஜன்னலோரம் அவர் பிடித்து வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார். மகள்தான் நாலு இடத்துக்குப் போன் போட்டு, பக்கத்து ஊர்க் கல்லூரியில் ஒரு மேடையைப் பிடித்தாள். பாவம், ஒரு பொழுது சும்மா இருக்கக்கூட அவளால் முடியவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

மதியம் மகள் வந்தாள். கழுத்தில் மஃப்ளர், கையில் வெந்நீர் ஃபிளாஸ்க்.

“அடுத்த மாசம் எங்கப்பா?”

பேச்சில் பாதி வெறும் காற்றாக வந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது. பயம்தான், அது பயம் என்று புரியவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எழுந்துபோய்க் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி டப்பாவில் போட்டார்.

“எங்கயும் இல்லம்மா. எல்லாத்தையும் நிறுத்தப் போறேன்.”

“ஐயோ, ஏம்ப்பா? நான் பாடறேன்பா. எனக்கு ஒண்ணுமில்ல.”

“போதும்மா. உன்னால அந்த வீட்டைப் பார்க்க முடியலன்னுதான் ஒரு நாள் விடாம நிரப்பினேன். உன் தொண்டையை நானே கெடுத்துட்டேன். நீ சித்தி வீட்டுல போய் இரு. நான் நம்ம வீட்டுக்குப் போய்க்கறேன். எனக்கென்ன, எங்க இருந்தாலும் ஒண்ணுதான்.”

மகள் ஃபிளாஸ்க்கை மேஜைமேல் வைத்தாள். அவரையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

“நீங்க அந்த வீட்டுல தனியா உட்கார்ந்துடக் கூடாதேன்னுதானேப்பா, நான் பாடிட்டே இருந்தேன்!”