‘பசி’ என்று பெயரிட்ட படம்

ஐந்தருவிச் சாலையில் சாரல் விழுகிறது. பழக்கடை மைமூனம்மாள் தன் போனை என்னிடம் நீட்டுகிறாள். திரையில் நான் எடுத்த அவள் படம். புளிக்கிறதா என்று ஒரு ரம்புட்டானை அவள் கடித்துப் பார்த்த நொடியைக் கறுப்பு வெள்ளையாக்கி, ‘பசி’ என்று தலைப்பிட்டு, முகநூலில் எங்கள் புகைப்படக் குழுவில் போட்டிருந்தேன். நானூறு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். “துபாய்ல எம் மவன் இதப் பாத்துட்டு அழுதுட்டான் தம்பி. உம்மா பட்டினி கெடக்கான்னு நெனச்சுட்டான்.” அவள் குரலில் கோபமே இல்லை. தூக்குச்சட்டியைத் திறக்கிறாள், மீன்குழம்பு மணக்கிறது. முக்காட்டைச் சரிசெய்து, ஒரு கவளத்தை வாயருகே பிடித்தபடி என் கழுத்தில் தொங்கும் கேமராவைப் பார்க்கிறாள். “இப்ப எடுங்க. அவனுக்கு அனுப்பணும்.” எனக்குக் கை எழவில்லை. பிடித்த சோற்றை உண்ணாமல் எனக்காகக் காத்திருக்கிறாள்.