ஏழரைக்கு ஏற்ற போன்

“இந்தப் போனை இதுக்கு முன்னாடி வச்சிருந்தவுக என்ன ராசி, பாய்?”

ராஜாத்தி இப்படிக் கேட்டதும், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெய்லானியின் கை அப்படியே நின்றது. கம்பத்தில் பல வருஷமாக செல்போன் கடை நடத்துகிறார். தண்ணீரில் விழுந்ததா, திருட்டுப் பொருளா என்று கேட்டவர்கள் உண்டு. ராசி கேட்ட முதல் ஆள் இந்தச் சுருளிப்பட்டி அம்மாதான்.

“அது எனக்கு எப்படிக்கா தெரியும்? பழைய போனைக் கம்பெனியில பிரிச்சு, கெட்டதை மாத்தி, சரிபார்த்து அனுப்புறாக. யாரு வச்சிருந்தாகன்னு சொல்ல மாட்டாக.”

“கும்ப ராசியா இருந்துறக் கூடாது பாய். எம் மக மீன ராசி. ஏற்கெனவே அவளுக்கு ஏழரை நடக்குது.”

பக்கத்தில் மகளோடு நின்ற சீனிச்சாமிக்கு மானமே போயிற்று. ஆனாலும் மனைவி மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. அவள் வெள்ளந்தி, யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவாள். அவருடைய சந்தேகமெல்லாம் இதைக் கிளப்பிவிட்ட ஜோசியர் மேல்தான்.

மகள் முனீஸ்வரி பன்னிரண்டாவது தேறினால் புது போன் என்று ஊரறியச் சொல்லியிருந்தார் சீனிச்சாமி. தேறிவிட்டாள். வாக்கைக் காப்பாற்ற, சினையாக இருந்த பசுவை விலை பேசி முடித்துவிட்டார். விடிந்தால் தரகர் சங்கிலி வந்து பிடித்துக்கொண்டு போவார். கன்றுக்குட்டியிலிருந்து ராஜாத்தி வளர்த்த பசு அது. ஆனாலும் அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. குச்சனூர் போய்ச் சனீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வாங்குவோம் என்று மட்டும் கேட்டாள்.

அங்கேதான் வந்தது வினை. கோயில் தெருவில் உட்கார்ந்திருந்த ராக்கப்பன் ஜோசியர், ஜாதகத்தைப் பிரித்ததுமே சொல்லிவிட்டார்: “ஏழரை நடக்குற பிள்ளைக்குப் புது மிஷின் எதுவும் ஆகாது. இன்னொருத்தர் கைபட்ட பொருள்னா தோஷமில்ல.”

ஜாதகக் கட்டத்துக்குள் மிஷின் எப்படிப் புகுந்தது? ஜோசியர் சொல்லி அனுப்புவாராம், இந்தக் கடைக்காரர் விற்பாராம். கூட்டுக் களவாணிகள்! சீனிச்சாமி மெல்லத் தூண்டில் போட்டார்.

“பாய், குச்சனூர் ராக்கப்பன் ஜோசியர் உங்களுக்கு ரொம்பப் பழக்கமோ?”

“யாருண்ணே அது? எனக்கு எதுக்கு ஜோசியரு?”

முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற மாதிரித் தெரியவில்லை. அதனாலேயே சீனிச்சாமிக்குச் சந்தேகம் கூடியது.

ராஜாத்தியின் பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவள் சட்டென்று துண்டித்தாள். மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தாள்.

“யாரு புள்ள?”

“லோன் வேணுமான்னு கேக்குற கம்பெனிக்காரப் பயங்க. வேற வேலை இல்ல.”

சீனிச்சாமி கடைப் போனைக் கையில் வாங்கினார். மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி அதன் ஓட்டைகளையெல்லாம் உற்றுப் பார்த்தார். முகர்ந்தார். ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.

“பேட்டரி மாத்துனதா?”

“ஆமாண்ணே, புதுசு.”

“அப்ப இதுல ஏதோ கோளாறு இருந்திருக்கு.”

“இருந்துச்சு. அதத்தான் சரிபண்ணிருக்காக.”

“பார்த்தியா, அவரே ஒத்துக்கிறாரு!” சீனிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். “நடங்க ரெண்டு பேரும். புதுசே வாங்கிருவோம். விடிஞ்சதும் சங்கிலி வந்து மாட்டைப் பிடிச்சுட்டுப் போகட்டும்.”

ராஜாத்தியின் முகம் வெளுத்துவிட்டது. “சாமி குத்தம் ஆயிருங்க” என்றாள்.

“எனக்கு இதே போதும்ப்பா. புதுசுல இந்தளவு கேமரா வேணும்னா இன்னொரு மாட்டையும் விக்கணும்” என்றாள் முனீஸ்வரி.

ஜெய்லானி உள்ளே திரும்பி, “சுமையா, ஒன் போனை இங்கன கொண்டாம்மா” என்று குரல் கொடுத்தார். காலேஜ் படிக்கிற அவர் மகள் கொண்டுவந்து வைத்தாள். அதே மாதிரி போன்.

“இதுவும் இப்படி வந்ததுதாண்ணே. பெத்த பிள்ளைக்கு மோசமானதையா குடுப்பேன்?”

சீனிச்சாமியும் மகளைப் பெற்றவர்தான். கொஞ்சம் இறங்கி வந்தார். ஆனால் முழுசாக இறங்கவில்லை.

“சரி, கடைசியா ஒண்ணு. சிம்மைப் போட்டு, ஸ்பீக்கர்ல பேச விட்டுக் காட்டுங்க. எங் காதால கேட்டாத்தான் நம்புவேன்.”

அவருடைய பட்டன் போனில் இருந்த பழைய சிம் பெரிதாக இருந்தது. இதில் நுழையவில்லை. ராஜாத்தியிடம் கையை நீட்டினார்.

“எஞ் சிம்மு வேணாங்க. கழட்டுனா கெட்டுப்போகும்.” அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“கெட்டுப்போக அது என்ன பாலா? குடு இப்படி!”

பிடுங்காத குறையாக வாங்கி நீட்டினார். ஜெய்லானி சிம்மை மாற்றிப் போட்டார். சிக்னல் வந்து கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ஏதோ ஒரு நம்பர்.

“சோதிச்சுப் பார்க்கத் தோதாப் போச்சு” என்று ஜெய்லானி அதை எடுத்து ஸ்பீக்கரைத் தட்டினார்.

“ஏம்மா ராஜாத்தி, எத்தன தடவ அடிக்கிறது? நான் ராக்கப்பன் ஜோசியர் பேசுறேன். நீ சொல்லிக்குடுத்ததை அப்படியே சொன்னேனே, ஒன் வீட்டுக்காரரு நம்பிட்டாரா? பழைய போனுக்குக் கைக்காசே போதும்னியே, மாட்டை விக்காம நிப்பாட்டிட்டியா? கன்னு போட்டதும் சீம்பாலு எனக்குத்தான், மறந்துறாத!”

சீனிச்சாமி மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார்.

ராஜாத்தி அவரைப் பார்க்கவே இல்லை. “சத்தம் கணீர்னு கேக்குது பாய்” என்றாள். “இதையே குடுத்துருங்க.”