சம்பந்தி கொண்டுவந்த சாக்கே

"என்னப்பா, இன்னொரு கிண்ணமோ? நீங்கள் எங்கடை கோயில் பங்கிலை மதுவிலக்குச் சங்கத் தலைவர். நினைப்பிருக்கோ?"

அருமைநாயகி குசினி வாசலில் நின்று பல்லைக் கடித்தாள்.

கணவர் பெனடிக்ற் சிரித்தார். எதிரே மொரிட்டாவும் சிரித்தார். தன் மகன் ஹிரோக்கிக்கு இவர்கள் மகள் துசியந்தியைப் பெண் கேட்டு, யப்பானிலிருந்து நோர்பரியிலுள்ள இவர்கள் வீடு வரை ஒரு போத்தல் சாக்கே மதுவோடு வந்தவர்.

"அம்மா, சாக்கே சோத்திலை செய்யிறது. இந்த வகைக்குத் தண்ணிக்குப் பதிலாயும் சாக்கேதான் விடுறதாம்," என்றாள் துசியந்தி.

"தண்ணியும் விடேல்லையோ! மாதாவே!"

"அருமை, பனங்கட்டிப் பாணியிலை பேரீச்சம்பழம் ஊறினமாதிரிக் கிடக்கு. விழுங்கினாப் பிறகும் இனிப்பு நாக்கை விட்டுப் போகுதில்லை," என்றார் பெனடிக்ற்.

கிண்ணத்தைக் காலியாக்கினார். மிச்சம் விட்டால் தந்தவருக்கு மரியாதை இல்லையே! மொரிட்டா உடனே நிரப்பினார். விருந்தில் எதிரிலிருப்பவரின் கிண்ணம் காலியாகக் கிடக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். பெனடிக்ற் சும்மா இருப்பாரா? போத்தலை வாங்கி மொரிட்டாவுக்கு ஊற்றினார். அவரும் ஒரே மடக்கில் முடித்தார்.

கொஞ்ச நேரத்தில் இருவரும் தோளில் கைபோட்டுக்கொண்டு அந்தோனியார் பாட்டுப் பாடினார்கள். மொரிட்டாவுக்குத் தமிழ் தெரியாததால் பாட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை.

அருமைநாயகி மகளை உள்ளே இழுத்தாள்.

"இந்தக் கலியாணம் சரிவராது. அந்தாள் மொடாக்குடியன்!"

துசியந்திக்கு அழுகை வந்தது. "அப்பாவும்தானே அம்மா குடிக்கிறார்?"

"கொப்பர் உனக்காகக் குடிக்கிறார். வேண்டாமெண்டால் வந்த மனிசன்ரை முகம் வாடிப்போகுமெண்டு என்னட்டைச் சொல்லிப்போட்டுத்தான் வாயிலை வைச்சவர். அந்தாள் குடிக்கிறது பழக்கதோஷம்!"

ஹிரோக்கி தயங்கித் தயங்கி உள்ளே வந்து, துசியந்தியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான்.

"அவரின்ரை அப்பாவுக்குத் தலை சுத்துதாம். தேசிக்காய் பிழிஞ்ச தண்ணி கேக்கிறார்."

"குடிச்சுப் பழகின ஆளுக்கு ஏன் சுத்துது? கேள்!"

துசியந்தி கேட்டாள். பதிலைக் கேட்டதும் அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"அம்மா, அவர் சாக்கேயை வாயிலை வைச்சது இண்டைக்குத்தானாம். எங்கடை அப்பா ஆசையாக் குடிக்கிறார், தனியக் குடிக்கவிட்டால் முகம் வாடிப்போகுமெண்டு பயந்தவராம்!"