கத்தரிக்காய் வேண்டாம்

காம்பை நறுக்காமல் கத்தரிக்காயை நாலாகக் கீறினாள்.

இந்த அடுப்பில் எண்ணெய்க் கத்தரிக்காய் வெந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. கோவில்பட்டியில் அவளுடைய மெஸ்ஸுக்குப் பேர் வாங்கிக்கொடுத்ததே அதுதான்.

யாரும் கேட்பதில்லை என்று நிறுத்தியிருந்தாள்.

கேட்காததுகூடப் பரவாயில்லை. வேண்டாம் என்றே சொன்னார்கள். டெலிவரி ஆப்பின் டேப்பில் வந்த ஒவ்வொரு ஆர்டரிலும் பெயருக்குக் கீழே அதே வார்த்தை.

பியூலா. கத்தரிக்காய் வேண்டாம்.

சண்முகக்கனி. கத்தரிக்காய் வேண்டாம்.

மைதீன். கத்தரிக்காய் வேண்டாம்.

ஊருக்கே நாக்கு செத்துப்போச்சா என்று முதலில் திட்டினாள். பிறகு தன் கைப்பக்குவம்தான் போய்விட்டதோ என்று பயந்தாள். எண்ணெயை மாற்றிப் பார்த்தாள். புளியைக் குறைத்துப் பார்த்தாள். கடைசியில் கத்தரிக்காய் வாங்குவதையே விட்டுவிட்டாள்.

நேற்றுத்தான் விஷயம் தெரிந்தது.

பார்சல் எடுக்க ஆவுடையப்பன் வந்திருந்தான். சாப்பாடு டெலிவரிக்கு இந்த ஊருக்கென்று தனியாக ஆப் ஆரம்பித்தவன். பெரிய டெலிவரி கம்பெனி ஒவ்வொரு சாப்பாட்டிலும் பிடித்த கமிஷனைத் தாங்க முடியாமல், ஊரில் இருந்த ஓட்டல்கள் எல்லாம் அதை விட்டுவிட்டு இவனோடு சேர்ந்தன. பார்சலோடு அவனுடைய மஞ்சள் சட்டைக்காரர்கள் தெருத்தெருவாகப் பறந்தார்கள். ஊரே இவனைப் பற்றிப் பேசியது.

கம்பெனி பாதி விலைக்குச் சாப்பாடு போட்டது. அவ்வளவுதான். ஜனங்கள் அங்கே போனார்கள். ஓட்டல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. சட்டைக்காரர்களும் போனார்கள்.

இப்போது மஞ்சள் சட்டை அவன் ஒருவன்தான். அவனுக்குக் கடை என்று மிஞ்சியது அவளுடையது ஒன்றுதான்.

பக்கத்துக் கடைக்கு இறக்கிய காய்க்கூடை வாசலை மறித்துக் கிடந்தது. கொஞ்சம் நகர்த்தி வைக்கச் சொன்னாள். குனிந்தவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"ஐயோ, கத்தரிக்காயாக்கா? எனக்கு ஆகாது. தொட்டாலே தடிச்சுரும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். மைதீனின் பார்சலை எடுத்துக்கொண்டு போனான்.

அவள் வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து டேப்பை எடுத்து, வந்த ஆர்டர்களை எல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

எத்தனை பெயர்கள். எத்தனை தெருக்கள். இவ்வளவு பேரைக் கற்பனை செய்தவனுக்கு, அதில் ஒருவருக்காவது கத்தரிக்காய் பிடிக்கட்டும் என்று தோன்றவில்லை. மத்தியானமும் ராத்திரியும் அவனே உட்கார்ந்து தின்றிருக்கிறான்.

ஏமாற்றியிருக்கிறான் என்று கோபம் வந்தது. அவன் முகம் ஞாபகம் வந்ததும் அந்தக் கோபம் நிலைக்கவில்லை. அழுகைதான் வந்தது.

இன்று காலையில் கம்பெனியின் டேப்பைத் தூசி தட்டி சார்ஜில் போட்டாள். திரும்பிச் சேர அவர்களுக்கு ஒரே நிபந்தனை. வேறு எந்த ஆப்பிலும் இருக்கக் கூடாது.

சேராவிட்டால் ஆடிக்குள் மெஸ்ஸைப் பூட்ட வேண்டியதுதான். சேர்ந்தால் அவனுக்குக் கடையே இல்லை.

கத்தரிக்காய் எண்ணெயில் சுருண்டது. மசாலா வாசனை பழையபடி தெருவுக்குப் போனது.

டிங்.

அவனுடைய ஆப்தான். அமலோற்பவம். ஒரு சாப்பாடு. கத்தரிக்காய் வேண்டாம்.

அவள் பார்சல் கட்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் வந்தான். ஹெல்மெட்டுக்குள் முகம் வேர்த்திருந்தது.

"இன்னைக்கு சீக்கிரமே ஆர்டர் விழுந்துருச்சு பாத்தீங்களா? இனி பிக்கப் ஆயிரும்க்கா."

அவள் மேசையில் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள்.

"உக்காரு."

"பார்சல்க்கா..."

"அமலோற்பவம் இங்கயே சாப்பிடட்டும்."

அவன் நின்றான். தெருவைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தான். உட்கார்ந்தான்.

பொரியல் வைத்தாள். அவியல் வைத்தாள். கத்தரிக்காய் வைக்கவில்லை. சோறு போட்டுச் சாம்பார் ஊற்றினாள். தலையைத் தூக்காமல் பிசைந்தான். சுடச்சுடச் சாப்பிட்டு நாளாயிற்று என்பது அவன் சாப்பிடும் வேகத்தில் தெரிந்தது. கேட்காமலே மறுசோறு போட்டாள்.

பிறகு அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரிப் பக்கம் போனாள்.

கம்பெனி டேப்பில் சம்மதம் என்ற இடத்தை அழுத்தினாள். விரலில் எண்ணெய். டேப் ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு இன்னொரு முறை அழுத்தினாள்.

நிமிஷத்தில் மணி அடித்தது. அவனுடையதைப் போல மெல்லிய சத்தம் இல்லை. கடை முழுக்கக் கேட்கும் சத்தம். ஊரில் ஒவ்வொரு கடையாக அவன் இழந்தபோது கேட்ட அதே சத்தம்.

சோற்றில் அவன் கை நின்றது.

அவள் அசையவில்லை. மணி விடாமல் அடித்தது.

"ஆர்டர் வந்திருக்குக்கா" என்றான், இலையைப் பார்த்தபடி. "எடுங்க. லேட்டாச்சுன்னா ஸ்டாரைக் கொறைச்சுருவாங்க."

எடுத்தாள்.

ஒரு சாப்பாடு. கீழே ஒரு வரி எழுதியிருந்தது. எண்ணெய்க் கத்தரிக்காய் இருந்தால் கூடக் கொஞ்சம் வைக்கவும்.

"என்ன கேக்காங்க?"

"சாப்பாடுதான்" என்றாள். "நீ சாப்பிடு."